டென்ஷன் மிஸ் பிடித்த திருடன்

செஞ்சி வட்டாரத்தில் கம்ப்யூட்டர் வைத்திருந்தவர்களில் ஒருவர்கூட டென்ஷன் மிஸ்ஸிடம் திட்டு வாங்காமல் தப்பியது கிடையாது. ஆனால் எந்தக் கம்ப்யூட்டரையும் அவர் ஒரு வார்த்தை கடிந்து பேசியதில்லை. மெஷின் என்றால் நோயாளி, சொந்தக்காரன் என்றால் குற்றவாளி. இதுதான் அவருடைய சட்டம்.

அவருக்கு நிஜப் பெயர் ஒன்று இருந்திருக்கும். யாருக்கும் தெரியாது. மூன்று வாக்கியத்துக்கு ஒருமுறை "எனக்கு டென்ஷன் ஏத்தாதீங்க" என்பார், அதனால் வந்த பெயர். முதலில் தனியார் பள்ளி ஒன்றில் கம்ப்யூட்டர் டீச்சராக இருந்தார். புது லேப் திறப்பு விழாவுக்கு வந்த பிரமுகர் ஒருவர், மானிட்டருக்குப் பக்கத்தில் வைத்திருந்த குத்துவிளக்கை ஏற்றக் குனிந்தபோது, "எண்ணெ சிந்துனா யாரு சார் பதில் சொல்றது?" என்று அவர் கையைப் பிடித்து நிறுத்திவிட்டார். மறுவாரம் வேலை போயிற்று. அதற்குப் பிறகு ஒரு பழைய ஸ்கூட்டி, கழுத்தில் ஐ.டி. கார்டு கயிற்றில் தொங்கும் பென் டிரைவ், ஒரு ஸ்குரூ டிரைவர் செட் சகிதம் வீடு வீடாகப் போய் கம்ப்யூட்டர் ரிப்பேர் செய்ய ஆரம்பித்தார்.

அவர் கோபத்தின் அளவை மரியாதையை வைத்துக் கண்டுபிடித்துவிடலாம். 'நீங்க' என்றால் சாதாரண கோபம். 'நீ' என்றால் தப்பு உன் பேரில். 'யோவ்' வந்துவிட்டால் அந்த வீட்டில் யாரும் மூச்சு விடக் கூடாது.

அனந்தபுரத்தில் ஒரு ரைஸ் மில்காரர், தவிடு படியாமல் இருக்கட்டும் என்று ஓடுகிற கம்ப்யூட்டருக்கு மேல் பிளாஸ்டிக் கவர் போட்டு, அதற்கு மேல் துண்டு போர்த்தி வைத்திருந்தார். மிஸ் அந்தத் துண்டை எடுத்து அவர் மூக்கையும் வாயையும் சேர்த்துக் கட்டிவிட்டு, "பத்து நிமிஷம் இப்புடியே மூட்டை தூக்கு, பாக்கலாம்" என்றாராம். மில்காரர் இரண்டாவது நிமிடத்திலேயே அவிழ்த்துவிட்டார். காந்தி பஜாரில் ஒரு ஜெராக்ஸ் கடைக்காரர் பாஸ்வேர்டை எழுதி மானிட்டரில் ஒட்டியிருந்தார். மிஸ் வாசலில் நின்று போகிற வருகிறவர்களுக்கெல்லாம் அதை உரக்கப் படித்துக் காட்டினார். "இன்னாத்துக்கு ரகசியம்? ஊரே தெரிஞ்சிக்கட்டும்!"

இதையெல்லாம் கேட்டுச் சிரித்தவர்களில் நானும் ஒருவன். ஒரு வருடம் கோடையில் என் முறை வந்தது.

நான் வீட்டிலேயே உட்கார்ந்து பத்திரங்களுக்குத் தமிழில் டைப் அடித்துக் கொடுப்பவன். பங்குனி பிறந்ததிலிருந்து என் கம்ப்யூட்டருக்கு என்னவோ ஆகிவிட்டது. உள்ளே இருக்கும் ஃபேன், மாவு அரைக்கிற கிரைண்டர் மாதிரி சத்தம் போட்டது. ஒரு எழுத்தை அடித்தால் அது திரைக்கு வருவதற்குள் அடுத்த வரியை யோசித்துவிடலாம். தொட்டால் கை சுட்டது. கோட்டை மலைப் பாறையெல்லாம் காய்ந்து கிடக்கிற ஊரில் மெஷின் மட்டும் குளிர்ந்தா இருக்கும் என்று நினைத்து, டேபிள் ஃபேனை அதன் பக்கம் திருப்பி வைத்தேன். வியர்வை எனக்கு, காற்று அதற்கு.

அப்போதுதான் நான்கு அண்ணன் தம்பிகள் பாகப்பிரிவினைப் பத்திரம் அடிக்க வந்தார்கள். பல மாதச் சண்டைக்குப் பிறகு ஒருவழியாக ஒத்துப்போயிருந்தார்கள். கடைசிப் பக்கத்தில் இருக்கும்போது திரை அப்படியே உறைந்து நின்றது. அணைத்துப் போட்டேன், அடித்ததெல்லாம் போயிற்று. மறுபடி அடித்து முடிக்க ஆன இரண்டு மணி நேரத்தில், கிணற்றடி நிலம் யாருக்கு என்று அவர்கள் முதலிலிருந்து ஆரம்பித்து, பெரியவர் சின்னவர் சட்டையைப் பிடித்து, பத்திரமே வேண்டாம் என்று எழுந்து போய்விட்டார்கள்.

அந்தக் கோபத்தை யார் மேலாவது காட்ட வேண்டியிருந்தது. காலேஜ் விட்டு என் மகள் மெர்சி வந்தாள். பி.காம். இரண்டாம் ஆண்டு.

"கேம் ஆடி ஆடித்தான இத இப்புடி ஆக்கி வச்சிருக்குற?"

"நைனா, நான் கேமே ஆடறதில்ல. ப்ராஜெக்ட்தான் அடிக்கிறேன்."

"பொய் வேற சொல்றியா?"

கீபோர்டைக் கழற்றி பீரோவில் வைத்துப் பூட்டினேன். என் வேலைக்கு மட்டும் எடுப்பது, முடிந்ததும் பூட்டுவது. மெர்சி, காலேஜ் இருக்கும் திண்டிவனத்திலேயே ஒரு பிரவுசிங் சென்டரைப் பிடித்து, காலேஜ் முடிந்ததும் அங்கே காத்திருந்து ப்ராஜெக்ட் அடித்துவிட்டு, கூட்டமான பஸ்ஸில் நின்றுகொண்டே வந்தாள். மூன்று வாரம் என்னோடு பேசவில்லை. என் தட்டில் சாதம் போடும்போது கரண்டிதான் பேசியது.

இதில் ஒரு கூத்து என்னவென்றால், கீபோர்டு பீரோவில், மெர்சி காலேஜில், ஆனாலும் ஃபேன் கத்திக்கொண்டேதான் இருந்தது. அது எனக்கு உறைக்கவே இல்லை. கோபமாக இருக்கிற மனிதனுக்குக் காது கேட்காது போலிருக்கிறது.

என் மனைவிக்குக் கேட்டது. என்னிடம் சொல்லாமல் டென்ஷன் மிஸ்ஸுக்குப் போன் போட்டுவிட்டாள்.

ஒரு சனிக்கிழமை காலை பதினோரு மணிக்கு ஸ்கூட்டி வந்து நின்றது. உள்ளே நுழைந்ததும் மிஸ் கேட்ட முதல் கேள்வி, "கீபோர்டு எங்க?"

பீரோவைத் திறந்து எடுத்துக் கொடுத்தேன்.

"இன்னா சார் இது, நகையா?"

"பொண்ணு கேம் ஆடுது மிஸ். அதான்."

மிஸ் மெஷினை ஆன் செய்துவிட்டு, எதையும் தொடாமல், இரண்டடி தள்ளி நின்று காதைக் கொடுத்தார். சில நிமிடத்தில் ஃபேன் கத்த ஆரம்பித்தது.

"இப்ப இதுல யாரு கேம் ஆடுறது?"

"யாரும் இல்ல மிஸ்."

"அப்ப யாருக்கு இப்புடி ஓடுது?"

மவுஸை லேசாக அசைத்தார். சத்தம் கொஞ்சம் தணிந்தது. கையை எடுத்துவிட்டுக் காத்திருந்தார். மறுபடி கத்தல். என்னென்ன வேலை ஓடுகிறது என்று காட்டும் டாஸ்க் மேனேஜரைத் திறந்தார். உடனே மெஷின் பூனைக்குட்டியாகிவிட்டது. பட்டியலில் சந்தேகப்படும்படி எதுவும் இல்லை.

"பாத்தியா? ஆளு கைய வச்சா கொஞ்சம் பம்முறான். போலீஸ் வந்தா நல்ல புள்ளையாட்டம் உக்காந்துக்கிறான்."

'நீங்க' போய் 'பாத்தியா' வந்துவிட்டதை நான் கவனித்தேன்.

கழுத்தில் இருந்த பென் டிரைவைச் செருகி, அதிலிருந்து வேறொரு புரோகிராமை ஓட்டினார். இதனிடமிருந்து ஒளியத் தெரியாமல் உள்ளே இருந்தது மாட்டிக்கொண்டது. விண்டோஸின் சொந்த ஃபைல் பெயரைப் போலவே ஒரு பெயர், ஒரே ஒரு எழுத்து மட்டும் கூடுதல். இருக்கக் கூடாத ஃபோல்டரில் உட்கார்ந்துகொண்டு மெஷினின் மொத்த சக்தியையும் உறிஞ்சிக்கொண்டிருந்தது.

"கிரிப்டோன்னு ஒரு காசு இருக்குது. கம்ப்யூட்டரு ராப்பகலா கணக்கு போட்டா அது கெடைக்கும். கணக்கு போடுற மெஷினு உன்னுது. கரண்டு உன்னுது. சூடு உன்னுது. காசு மட்டும் எவனோ ஒருத்தனுது. மூஞ்சி தெரியாத ஒருத்தன் உன் வூட்ல பூந்து மில்லு வச்சி நடத்திக்கினு இருக்கான்யா!"

எனக்கு ரத்தம் கொதித்தது. பிடித்து அடிக்கலாம் என்றால் ஆள் எந்த நாட்டில் இருக்கிறான் என்றே தெரியாது. மிஸ் இன்டர்நெட் வயரைப் பிடுங்கினார். அந்த ஃபைலை நிறுத்தினார், அழித்தார். நான் கைதட்டப் போனேன். "இரு" என்றார். பத்து நிமிடத்தில் அது திரும்பி வந்து, விட்ட இடத்திலிருந்து வேலையைத் தொடங்கியது.

மிஸ் சேலைத் தலைப்பை இழுத்துச் செருகிக்கொண்டு நாற்காலியை முன்னால் இழுத்துப் போட்டார். அதன் பிறகு நடந்ததைச் சண்டை என்றுதான் சொல்ல வேண்டும். திருடன் போனாலும் மறுபடி கூட்டிவர, எந்த நேரத்தில் எது ஓட வேண்டும் என்று சொல்லும் விண்டோஸின் பட்டியலில் ஒரு கட்டளையை ஒளித்து வைத்திருந்தான். 'இந்த ஃபோல்டருக்குள் பார்க்காதே' என்று ஆன்டி வைரஸுக்கும் சொல்லி வைத்திருந்தான். மெஷினை, அத்தியாவசியமானது மட்டும் ஓடும் சேஃப் மோடில் எழுப்பி, முதலில் கட்டளையை அழித்து, பிறகு ஃபைலை அழித்து, ஆன்டி வைரஸின் கண்கட்டை அவிழ்த்து, முழு ஸ்கேன் போட்டார். ஒவ்வொன்றுக்கும் ஒரு வசவு. அதில் பாதியை இங்கே எழுத முடியாது. மெயிலுக்கும் பேங்குக்கும் பாஸ்வேர்டை என் மனைவியின் போனிலிருந்து மாற்ற வைத்தார்.

இரண்டாவது தடவையும் சுத்தம் என்று ஸ்கேன் சொன்ன பிறகு, "சரி, இவன் எப்புடி உள்ள வந்தான்னு பாப்போம்" என்றார். ஃபைல் வந்த தேதியைக் குறித்து வைத்திருந்தார். ஒரு செவ்வாய்க்கிழமை, காலை பதினோரு மணி. அதே நேரத்தில் டவுன்லோடில் இன்னொரு ஃபைல்: 'தமிழ் ஃபான்ட் ஐந்நூறு, இலவசம்.'

பத்திரம் விதவிதமான எழுத்தில் இருக்கட்டும் என்று அதை இறக்கியது நான்தான். அன்றைக்கு ஆன்டி வைரஸ் சிவப்பாகக் கத்தியது. அதை ஆஃப் செய்துவிட்டு இன்ஸ்டால் செய்யவும் என்று அந்தப் பக்கத்தில் போட்டிருந்தது. ஆஃப் செய்தேன்.

"யாரு எறக்குனது?"

இப்போது நினைத்தாலும் வெட்கமாக இருக்கிறது. "மெர்சியா இருக்கும் மிஸ்" என்றேன்.

சமையலறை வாசலில் நின்றிருந்த மெர்சி மூன்று வாரத்துக்குப் பிறகு வாயைத் திறந்தாள். "செவ்வாக்கெழம பதினோரு மணிக்கு நான் காலேஜ்ல இருப்பேன். எனக்கு இன்னாத்துக்கு ஐநூறு ஃபான்ட்டு?"

'யோவ்' வரப் போகிறது என்று கண்ணை மூடிக்கொண்டேன். வரவில்லை. மிஸ் குரலைத் தாழ்த்திப் பேசினார். அதை அதற்கு முன் யாரும் கேட்டதில்லை என்று நினைக்கிறேன்.

"திருடனுக்குக் கதவத் தொறந்து வுட்டவரு நீங்க. காவலுக்கு இருந்த நாயயும் நீங்கதான் கட்டிப் போட்டீங்க. தண்டன இந்தப் பொண்ணுக்கு. பீரோ சாவிய எடுங்க சார். எங்கிட்ட இல்ல. அவ கைல குடுங்க."

அந்த 'சார்' 'யோவ்'வைவிட அதிகமாகச் சுட்டது.

சாவியைக் கொடுத்தேன். "தப்பு என்னுதும்மா" என்றேன். இரண்டு தடவை சொல்ல வேண்டியிருந்தது. மெர்சி சிரிக்கவில்லை. நேராக வந்து மெஷின் முன்னால் நின்றாள்.

"ப்ராஜெக்ட்ல ரெண்டு சாப்டர் பாக்கி இருக்குது. நாலு மணி வரைக்கும் யாரும் பக்கத்துல வரக் கூடாது."

"நானுமா?" என்றார் மிஸ்.

"நீங்களுந்தான் மிஸ். எழுந்திரிங்க, எனக்கு டென்ஷன் ஏத்தாதீங்க."

நானும் என் மனைவியும் பதறிப்போனோம். மிஸ் அவளை ஏற இறங்கப் பார்த்தார். பிறகு மறுபேச்சு இல்லாமல் நாற்காலியை விட்டு எழுந்தார். வாசலில் ஸ்கூட்டியைக் கிளப்பும்போது அவர் தோள் குலுங்கிக்கொண்டிருந்தது. சிரிக்கிறார் என்று புரிந்துகொள்ள எங்களுக்குக் கொஞ்ச நேரம் பிடித்தது.

மெர்சி ப்ராஜெக்டை முடித்தாள். என்னோடு முழுதாகப் பேச இன்னும் ஒரு வாரம் எடுத்துக்கொண்டாள். அது நியாயம்தான்.

முட்டி வலியால் ஸ்கூட்டி ஓட்ட முடியாமல் போய், மிஸ் இப்போது புதுச்சேரியில் தங்கை வீட்டில் இருக்கிறார். செஞ்சியில் புதிதாக ஒருவர் கடை போட்டிருக்கிறார். என்ன கோளாறு என்றாலும் சிரித்த முகமாக "ஃபார்மட் பண்ணிடலாம் சார்" என்பார். நல்ல மனிதர். அவரிடம் போய்விட்டு வந்தால் ஏதோ சாப்பிடாமல் எழுந்த மாதிரி இருக்கும்.

போன வாரம் மிஸ்ஸுக்குப் போன் செய்தேன்.

"இன்னா பண்ணித் தொலச்ச?"

"ஒண்ணும் இல்ல மிஸ். மெஷின் நல்லா இருக்குது. சும்மாதான் பண்ணேன்."

"சும்மாவா? யோவ், சும்மா பண்றதுக்கு நான் இன்னா..." என்று ஆரம்பித்தார். போனில் சார்ஜ் குறைவாக இருந்தது. நடுவில் நின்றுவிடக் கூடாதே என்று, அவர் திட்டத் திட்ட, சத்தம் போடாமல் எழுந்து போய்ச் சார்ஜரைச் செருகிக்கொண்டு, சுவரோரமாக உட்கார்ந்து கேட்டேன்.