ஐந்துக்கு ஒன்றேகால்

இயற்பியல் ஆசிரியர் கைபேசியைக் கிட்டத்தில் வைத்துப் பார்த்தார், எட்ட வைத்துப் பார்த்தார், கண்ணாடியைச் சட்டை நுனியில் துடைத்துக்கொண்டும் பார்த்தார். ஐந்துக்கு ஒன்றேகால். எப்படிப் பார்த்தாலும் அப்படியேதான் இருந்தது.

கல்லூரியில் புதிதாக ஒரு செயலி வாங்கியிருந்தார்கள். மாதம் முடிந்ததும் மாணவர்கள் தங்கள் ஆசிரியர்களுக்கு அதில் மதிப்பெண் போட வேண்டும். யார் போட்டது என்று தெரியாது. இத்தனை காலமாக ஆசிரியர்கள்தானே மாணவர்களைப் பழிவாங்கி வந்தார்கள், எதிர்த்தரப்புக்கும் ஒரு வாய்ப்பு கொடுத்துப் பார்ப்போமே என்று நிர்வாகத்துக்குத் தோன்றியிருக்கும்.

"காலையில இருந்து போனையே முறைச்சுக்கிட்டு இருக்கீங்களே, எவ்வளவு வந்திருக்கு?" என்று மனைவி கேட்டாள்.

"ஒன்னேகால்."

"நூத்துக்கா?"

"அஞ்சுக்கு."

"அப்ப பரவாயில்லையே."

"என்ன பரவாயில்ல? மூணுக்குக் கீழ போனா அடுத்த வருஷம் ஒப்பந்தம் கிடையாதாம். வீட்டுலதான் உக்காரணும்."

அவள் சிரிப்பதை நிறுத்தினாள். நாற்பத்தைந்து வயதில் புருஷன் வீட்டில் உட்கார்ந்தால் என்னவெல்லாம் நடக்கும் என்று அவளுக்குத் தெரியும். விடுமுறை நாட்களில் பார்த்திருக்கிறாள்.

அவருக்கு வேலையைவிட இன்னொன்று உறுத்தியது. தான் நன்றாகப் பாடம் நடத்துகிறோம் என்றுதான் இதுவரை நம்பிக்கொண்டிருந்தார். மணி அடித்த பிறகும் மாணவர்கள் விடமாட்டார்கள். கேள்வி கேட்டுக்கொண்டே படிக்கட்டு வரை வருவார்கள். அத்தனையும் நடிப்பா? 

அறிவியல் துறைத் தலைவர் அவரைக் கூப்பிட்டு அனுப்பினார்.

"எனக்கு உங்க மேல மரியாதை உண்டு சார். ஆனா கம்ப்யூட்டர் பொய் சொல்லாது" என்றார். அவர் தனக்கு வரும் மின்னஞ்சலைக்கூட உதவியாளரை விட்டு அச்சடித்து வாங்கிப் படிப்பவர். கணினி மேல் அவருக்கு இருந்தது அறிவு அல்ல, பக்தி.

"அதிகமா வாங்கினது யாரு சார்?"

"நம்ம வேதியியல்காரர்தான். நாலே முக்கால்."

இயற்பியல் ஆசிரியருக்குத் தலை சுற்றியது. வேதியியல்காரருக்கு மாணவர்கள் வைத்திருந்த பெயர் தாலாட்டு. நாற்காலியில் சாய்ந்து பழைய குறிப்புகளை ஒரே ராகத்தில் வாசிப்பார். பத்து நிமிடத்தில் வகுப்பு தூங்கிவிடும். சில நாள் அவரும் தூங்கிவிடுவார்.

"அவர்கிட்ட ஏதாவது கத்துக்குங்க" என்றார் தலைவர்.

அவரிடம் போய் என்ன கற்றுக்கொள்வது, குறட்டையா? இன்னும் உயிரைக் கொடுத்து நடத்திக் காட்டுகிறேன் என்று முடிவு செய்தார். அந்த மாதம் முழுக்க ராத்திரி கண்விழித்துப் பாடம் தயாரித்தார். ஊசல் பாடத்துக்கு உத்தரத்தில் கயிறு கட்டி இரும்புக் குண்டைத் தொங்கவிட்டு, அதைத் தன் மூக்கு வரை இழுத்து விட்டுவிட்டு ஆடாமல் நின்றார். குண்டு போய்த் திரும்பி வந்து மூக்குக்கு ஒரு விரல்கடை முன்னால் நின்றது. வகுப்பே எழுந்து கைதட்டியது.

மாதக் கடைசியில் மதிப்பெண் வந்தது. ஒன்று புள்ளி ஒன்று.

"அந்தக் குண்டு மூக்குல பட்டிருந்தா கொஞ்சம் கூடப் போட்டிருப்பாங்களோ என்னவோ" என்றாள் மனைவி.

அடுத்து அன்பில் இறங்கினார். புரியாதவர்களுக்கு மாலையில் தனியாகச் சொல்லிக்கொடுத்தார். காய்ச்சலில் படுத்த மாணவனுக்குக் கைபேசியிலேயே ஒரு பாடம் முழுக்க நடத்தினார். முதல் பெஞ்சில் உட்காரும் பெண், "சார், நீங்க நடத்தினா கனவுலகூட இயற்பியல்தான் வருது" என்றாள். அது பாராட்டா புகாரா என்று அவருக்கு இப்போது சந்தேகம் வந்துவிட்டது.

இந்த முறை முழுசாக ஒன்று. செயலியில் அதற்குக் கீழே எண் இல்லாததால் அதோடு நின்றது.

"இன்னும் ஒரு மாசம்தான் சார் இருக்கு" என்றார் தலைவர். "கடைசியா வர்ற மார்க்கை வச்சுத்தான் முடிவு எடுப்பாங்க. என்னால ஒன்னும் பண்ண முடியாது."

அன்று வீட்டில் மனைவி தெளிவாகச் சொல்லிவிட்டாள். "பேசாம அந்தத் தாலாட்டு என்ன பண்றாரோ அதையே பண்ணுங்க. பிள்ளைங்களுக்கு அதுதான் பிடிக்குதுன்னா உங்களுக்கு என்ன வந்தது?"

மறுநாள் அவர் நாற்காலியில் உட்கார்ந்தார். குறிப்பை எடுத்து முதல் வரியிலிருந்து வாசித்தார். முதல் பெஞ்சுப் பெண் கையைத் தூக்கினாள்.

"சார், இது ஏன் இப்படி..."

"பரீட்சைக்கு வராது. உக்காரு."

கை மெல்ல இறங்கியது. அதைப் பார்க்காத மாதிரி அடுத்த வரிக்குப் போனார். அன்று அவருக்குச் சாப்பாடு இறங்கவில்லை. ஆனால் மனிதன் எதற்கும் பழகிவிடுகிறான், சோம்பலுக்கு இன்னும் சீக்கிரம். முதல் வாரம் கூச்சமாக இருந்தது, அப்புறம் பழகியது, அதற்கும் அப்புறம் பிடித்தே போயிற்று. ராத்திரி நன்றாகத் தூங்கினார். பகலில் வகுப்பும் நன்றாகத் தூங்கியது. மணி அடித்ததும் யாரும் பின்னால் வரவில்லை.

மாதக் கடைசியில் தலைவர் தானே எழுந்து வந்து கட்டிப்பிடித்துக்கொண்டார்.

"நாலு புள்ளி ஒன்பது. தாலாட்டையே தாண்டிட்டீங்க சார். ஒப்பந்தம் எல்லாம் எதுக்கு, உங்களை நிரந்தரமாவே ஆக்கச் சொல்லிட்டாங்க. சிறந்த ஆசிரியர் விருதும் உங்களுக்குத்தான்."

விருதைக் கையெழுத்துப் போட்டு வாங்கிக்கொள்ளச் சொன்னார்கள். ஒரு கண்ணாடிப் பலகை. அதில் அவர் பெயர்கூடச் சரியாகத்தான் எழுதியிருந்தது. தாலாட்டு வாழ்த்துச் சொல்லாமல், "நேத்து வரைக்கும் குண்டு ஆட்டிக்கிட்டு இருந்த ஆளு" என்று முணுமுணுத்துக்கொண்டு போனார்.

இயற்பியல் ஆசிரியர் பலகையை மார்போடு அணைத்துக்கொண்டு படிக்கட்டில் இறங்கினார். மனதுக்குள் ஒரு மூலையில் வருத்தம் இருக்கத்தான் செய்தது. ஆனாலும் கேட்டது இதைத்தானே, கொடுத்தாயிற்று. எதிரே முதல் பெஞ்சுப் பெண் வந்தாள். பார்த்ததும் தலையைக் குனிந்துகொண்டாள்.

"என்னம்மா, நீங்க எல்லாரும் சேர்ந்து வாங்கிக் குடுத்ததுதான் இது" என்று பலகையைக் காட்டினார்.

அவள் படித்தாள். மறுபடியும் படித்தாள்.

"சிறந்த ஆசிரியரா? உங்களுக்கா சார்?"

"ஏம்மா, நம்ப முடியலையா? எல்லாம் நீங்க செயலியில போட்டதுதானே."

அவள் கண் கலங்கிவிட்டது.

"எங்க மேல கோபம் இல்லையா சார்? எங்களுக்குப் பாடம் நடத்துறவங்க அஞ்சு பேரு, செயலியில அஞ்சு ரேங்க், மாசா மாசம் கிளாஸே சேர்ந்து உங்களுக்குத்தான் ஒன்னாவது ரேங்க் போட்டுட்டு வந்தோம், இந்த மாசம்தான் மனசைக் கல்லாக்கிக்கிட்டு தாலாட்டு சாருக்கும் கீழ, கடைசியில தள்ளிட்டோம்."