தாண்டவராயனின் தாமரைக்குளம்

அழகுபடுத்துகிறவர் என்று ஓர் இனம் உண்டு. எந்த இடத்துக்குள் நுழைந்தாலும் இரண்டு கைகளையும் படச்சட்டம்போல் பிடித்து, ஒற்றைக் கண்ணை மூடிப் பார்த்து, "இன்னும் கொஞ்சம் எடுப்பா இருக்கலாமே" என்பார். அங்கே ஏற்கெனவே ஆள் உட்கார்ந்திருப்பது மட்டும் அந்த மற்றொரு கண்ணில் படவே படாது.

தண்டலத்துப் பக்கம் நூறு வயதைத் தொட்ட ஒரு கல்லூரிக்கு இப்படி ஒருவர் வாய்த்தார். ஓய்வுபெற்ற பொறியாளர் தாண்டவராயன், வயது அறுபத்தெட்டு, வளாகச் சீரமைப்புக் குழுத் தலைவர். பழைய சுண்ணாம்புச் சுவருக்கு ரோஜா நிறம், முற்றத்தில் புல்தரை, புல்தரையைச் சுற்றிக் கம்பி வேலி, நடுவில் 'அறிவின் எழுச்சி' என்றொரு சிமெண்டுச் சிலை, அதைக் கோழி என்று அடித்துச் சொன்ன பக்கத்து ஊர் வடக்குப்பட்டுக்காரர்களுக்கு ஒரு முறைப்பு, வளைந்து வளைந்து போகும் நடைபாதை. நேரே போனால் வகுப்பு வந்துவிடும். அதில் என்ன அழகு?

தாமரைக்குளத்துக்குத்தான் இடமில்லை. புங்கமரத்தடியில் கனகத்தின் டீக்கடை இருந்தது.

"பார்வையை மறைக்குதும்மா."

"இன்னா பார்வைங்க? பசங்க இங்கதான குந்திகினு படிக்குதுங்க."

கேட்பாரா? கனகம் அடுப்பைத் தூக்கிக்கொண்டு சாலைக்கு எதிர்ப்புறம் போனாள்.

குளம் வந்தது. நூற்றாண்டு விழாவும் வந்தது. தாண்டவராயனுக்கு ஒரே ஆசைதான்: இந்த அழகை நாலு பேர் ரசித்துப் பார்க்கவேண்டும். சிறப்பு விருந்தினர் மாலை வாங்கிக்கொண்டு சுற்றும்முற்றும் பார்த்தார்.

"பிரமாதம். ஆமா, பசங்க எங்கே?"

தாண்டவராயனும் சுற்றிப் பார்த்தார். 'புல்லில் நடக்காதே', 'சுவரில் சாயாதே', 'கரையில் உட்காராதே' என்று அவரே எழுதி நட்ட பலகைகள்தான் நின்றுகொண்டிருந்தன. மாணவர்கள், ஆசிரியர்கள், மேளக்காரர் உள்பட அத்தனை பேரும் எதிர்ப்புறம் கனகத்தின் கடையில். கூப்பிட ஓடினார். பின்னாலேயே வந்த விருந்தினரும் ஒரு டீ வாங்கிக்கொண்டு, நூற்றாண்டு உரையை அங்கேயே ஆற்றிவிட்டார். கைதட்டலைக் கேட்டு, சாலையில் போன பெங்களூர் பஸ்ஸே நின்றது.

தாண்டவராயனுக்கும் மனம் குளிர்ந்துதான் போனது. இத்தனை கூட்டம், இத்தனை சிரிப்பு! டம்ளரைக் கீழே வைத்தார். இரண்டு கைகளும் தாமாக எழுந்தன. ஒரு கண் மூடியது.

"கனகம், இந்த இடம் இன்னும் கொஞ்சம்..."

"டீயக் குடிச்சிட்டு கெளம்புங்க ஐயா. இன்னொரு வாட்டி அடுப்பத் தூக்க என்னால ஆவாது."

சிரிக்கிறீர்களா? சிரியுங்கள். உங்கள் வீட்டுக் கூடத்து சோபாவில் உறையைக் கழற்றிவிட்டுக் கடைசியாக உட்கார்ந்தது யார்? கண்ணாடி அலமாரியில் இருக்கும் அந்தப் பூப்போட்ட கோப்பையில் யாராவது காப்பி குடித்ததுண்டா? அது போகட்டும். இப்போது எதற்கு ஒரு கண்ணை மூடுகிறீர்கள்?