கியர் பாயும் பெத்தாங் குண்டும்

கியர் பாய் மாதிரி ஓர் ஆளைப் புதுச்சேரி இனிமேல் பெறப்போவதில்லை, பெற்றாலும் தாங்காது. எங்கள் தெருவில் செருப்புக் கடை வைத்திருக்கிறார். காடு மலை ஏறுகிற ஜீப் ஒன்றும் வைத்திருக்கிறார். புதுச்சேரியில் மலைக்கு எங்கே போவது? அந்த ஏக்கமெல்லாம் சேர்ந்து, கியர் கம்பியின் தலையில் இருக்கும் குண்டின்மேல் ஏறிக்கொண்டது.

கம்பெனி கொடுத்த கறுப்புக் குண்டை, வண்டி வாங்கிய அன்றே கழற்றி எறிந்தார். பித்தளைக் கதவுக் குமிழ் வந்தது. வெயிலில் காய்ந்து உள்ளங்கையைப் பொசுக்கியது. அப்புறம், உள்ளே பூ வைத்த கண்ணாடி பேப்பர்வெயிட். "சோக்கா இருக்குல்ல தம்பி?" என்று அந்தப் பூவையே பார்த்துக்கொண்டு போய், இளநீர் வண்டிக்குள் விட்டார்.

இந்த நேரத்தில்தான் என் கல்யாணப் பேச்சு வந்தது. நான் விரும்பிய பெண்ணின் அப்பா பிரெஞ்சுப் பட்டாளத்தில் இருந்தவர். ஊரே அவரைப் பிரெஞ்சு மரியாதையாக முசே என்றுதான் கூப்பிடும். வருஷக்கணக்கில் கெஞ்சியபின், "பையன் வீட்டைப் பார்த்துட்டுச் சொல்றேன்" என்று இறங்கி வந்திருந்தார்.

"நானே கூட்டியாரேன்" என்று பாய் கிளம்பிவிட்டார். பயந்துபோய் நானும் பின்சீட்டில் தொற்றிக்கொண்டேன்.

அன்றைக்கென்று புதுக் குண்டு. முசே போன்றவர்கள் மாலையில் மண்தரையில் வீசி விளையாடும் பெத்தாங் ஆட்டத்தின் இரும்புக் குண்டு! காயலான் கடையில் பிடித்து, துளை போட்டு, நட்டு வைத்து வெல்டிங் அடித்திருந்தார். "மாமனாருக்கு மரியாத!" என்றார்.

முசே முன்சீட்டில் ஏறினார். குண்டின் கனத்தில், ஒவ்வொரு பள்ளத்திலும் கியர் தானாக நழுவியது.

"முசே, கொஞ்சம் அமுக்கிப் புடிச்சுக்குங்க."

முசே பிடித்தார். குனிந்து பார்த்தார்.

"நிறுத்துய்யா வண்டிய! இது எங் குண்டு! எம் பேரு வெட்டியிருக்கு பாரு!"

"பழைய இரும்புல கெடந்துச்சு முசே. உங்க வூட்டம்மாதான் போட்டிருப்பாங்க. பொழுதன்னைக்கும் வெளையாடுனா அவங்க வேற என்னா பண்ணுவாங்க?"

போச்சு. என் கல்யாணம் நடுரோட்டில் நின்றது.

முசே என் பக்கம் திரும்பினார். "இந்தக் கிறுக்கன் உனக்கு யாருய்யா?"

யாரோ தெருக்காரர் என்றால் தப்பித்துவிடலாம். அப்படியே சொல்லிவிடு என்று பாயே கண்ணாடியில் கண் காட்டினார். அந்தக் கண்ணைப் பார்த்தபின் எனக்கு மனசு வரவில்லை.

"எங்க அண்ணன்" என்றேன்.

முசே கொஞ்ச நேரம் குண்டைத் தடவிக்கொண்டிருந்தார். "இவனையே விட்டுக்குடுக்க மாட்டேங்கிற. எம் பொண்ணயா விட்டுடப்போற? எடுய்யா வண்டிய."

பாய் எடுக்கவில்லை. ஸ்டியரிங்கில் முகத்தைப் புதைத்து, குலுங்கிக் குலுங்கி அழுதுகொண்டிருந்தார். பின்னால் பஸ்காரன் ஹாரன் அடித்துத் திட்டினான். திட்டட்டும் என்று, என் அண்ணனின் முதுகைத் தடவிக்கொடுத்தபடி உட்கார்ந்திருந்தேன்.