சம்மணம் போட்டு வண்டி ஓட்டுபவர்

சம்மணத்தார் என்றொரு புது இனம் சாலையில் பெருகி வருகிறது. நீங்கள் பார்த்திருப்பீர்கள். முன்னால் போகும் வண்டியைக் கவனித்துத் தானே வேகத்தைக் கூட்டி, தானே குறைக்கிற கார் வாங்கிய மறுநாளே இவருடைய வலது காலுக்குப் பணி ஓய்வு கொடுக்கப்படுகிறது. பொத்தானை அழுத்துவார், செருப்பை உதறுவார், வலது முழங்காலைக் கதவில் சாய்ப்பார், வலது பாதத்தை எடுத்து இடது தொடைக்கு அடியில் செருகுவார், பிறகு விருந்துக்கு உட்கார்ந்தவர்போல் ஒரு பெருமூச்சு விடுவார். ஓட்டுநர் ஆசனம் அதோடு ஊஞ்சலாகிவிடும்.

இதிலேயே இன்னொரு கிளையும் உண்டு. அவர்கள் காலை மடக்க மாட்டார்கள். சும்மா இருக்கட்டுமே என்று ஆக்ஸிலரேட்டர் மேலேயே போட்டு வைப்பார்கள். வண்டி பாவம் வேகத்தைக் குறைக்கப் பார்க்கும், இவர்கள் பாதம் கூட்டும். கடைசியில் "வண்டி சரியில்ல" என்று புகார் எழுதுவார்கள். அவர்களை விடுங்கள். எனக்கு வாய்த்தவர் முதல் வகை. என் தங்கையின் கணவர்.

உத்தியோகம் என்ன தெரியுமா? தொழிற்சாலையில் பாதுகாப்பு அதிகாரி. இயந்திரத்தை நிறுத்துகிற சிவப்புப் பொத்தானை விட்டு ஒரு முழம் தள்ளி நின்ற குற்றத்துக்காகத் தொழிலாளிக்கு மெமோ கொடுப்பவர். "ஆபத்து சொல்லிட்டு வருமாய்யா?" என்று அவர் அங்கே கத்துவது அடுத்த கொட்டகை வரை கேட்கும். மாலையில் காரில் ஏறியதும் அவருக்கு மட்டும் ஆபத்து சொல்லிவிட்டு, கதவைத் தட்டிவிட்டு வரும் என்று நம்பிக்கை.

என் தங்கைக்கு ஏழு மாதம். அன்று காலை அவளை மருத்துவரிடம் கூட்டிப் போனோம். இவர் ஊஞ்சலில். அவள் பக்கத்தில், வயிற்றின்மேல் ஒரு கை வைத்தபடி. நான் பின்னால். முன்னால் போன லாரி மெதுவானபோதெல்லாம் அவளுடைய வலது கால் வெறுந்தரையை அழுத்தி மிதித்தது. அங்கே பிரேக் கிடையாது, அவளுக்குத் தெரியும். ஆனாலும் அந்தக் காரில் பிரேக்கைத் தேடிய ஒரே கால் அவளுடையதுதான்.

காரோடு கொடுத்த புத்தகத்தை அவள்தான் படித்திருந்தாள். மருத்துவமனையில் காத்திருந்த நேரங்களில் பக்கம் பக்கமாக.

"என்னங்க, குதிகாலைத் தரையில ஊனி, பாதத்தை பிரேக் பக்கமா வெச்சிருக்கணுமாம். மிதிக்க வேண்டாமாம், தயாரா இருந்தா போதுமாம். இடது காலுக்குத் தனியா மேடையே இருக்காம்."

"அதெல்லாம் கம்பெனிக்காரன் தன் மேல கேஸ் வராம இருக்க எழுதறதும்மா."

"காலைக் கீழ போடுங்களேன். எனக்கு பயமா இருக்கு."

"மச்சான், உங்க தங்கச்சிக்கு விஞ்ஞானத்து மேல நம்பிக்கையே இல்ல!"

நானும் சிரித்தேன். இதை எழுத வெட்கமாகத்தான் இருக்கிறது. மாப்பிள்ளை சொன்னால் சிரிப்பது எங்கள் வீட்டு மரியாதை.

அந்தச் சிரிப்பு அடங்குவதற்குள் லாரி சட்டென்று பக்கத்துத் தடத்துக்கு விலகியது. எதிரே பாதை காலி என்று எங்கள் வண்டி மகிழ்ந்து வேகமெடுத்தது. பாதை காலியில்லை. நாலு தார் பீப்பாய்கள், அவற்றின் முன்னால் சிவப்புக் கொடியோடு ஒரு பெண். நின்றுகொண்டிருப்பவற்றை அந்தக் கார் சில நேரம் கண்டுகொள்ளாது என்பதும் அந்தப் புத்தகத்தில் இருந்ததாம்.

அதிகாரி காலை இழுத்தார். வரவில்லை. முக்கால் மணி நேரம் தொடைக்கடியில் கிடந்த பாதம் மரத்துப்போயிருந்தது. உடனே என்ன செய்தார்? ஸ்டீயரிங்கை விட்டுவிட்டு, குனிந்து, தன் காலைத் தானே இரண்டு கைகளாலும் மூட்டை தூக்குவதுபோல் தூக்கினார். என் வாழ்நாளில் அவ்வளவு கையாலாகாத காட்சியை நான் கண்டதில்லை.

தங்கை ஒரு கையால் ஸ்டீயரிங்கைப் பிடித்தாள். மறு கையால், புத்தகத்தில் படித்திருந்தபடி, இரண்டு இருக்கைகளுக்கும் நடுவில் இருந்த ஹேண்ட் பிரேக் பொத்தானை இழுத்துப் பிடித்தாள், விடவே இல்லை. வண்டி அலறிக்கொண்டு போய் நின்றது. கொடிக்காரப் பெண்ணுக்கும் எங்களுக்கும் நடுவில் ஓர் ஆள் படுக்கிற இடம்கூட இல்லை.

அந்தப் பெண் கிட்டே வந்து கண்ணாடி வழியாகக் குனிந்து பார்த்தாள்.

"ஏன் சார், கீழ எதையாவது தேடிட்டிருந்தீங்களா?"

கை இன்னும் பாதத்தைப் பிடித்திருக்க, அவர் நிமிர்ந்தார். முகத்தில் வியர்வை. ஆனால் வாய் மரத்துப்போகவில்லை.

"பாத்தீங்களா மச்சான், வண்டி தானா எப்படி நின்னுச்சு!"

எனக்கு அவரைப் பளார் என்று அறைய வேண்டும்போல் இருந்தது. தங்கை இறங்கினாள், முன்பக்கமாகச் சுற்றி வந்தாள், கொடிக்காரப் பெண்ணின் தோளை ஒரு முறை தொட்டாள், ஓட்டுநர் கதவைத் திறந்தாள்.

"இறங்குங்க."

அவரால் இறங்கவும் முடியவில்லை. நான்தான் அக்குளில் கை கொடுத்து இறக்கிப் பக்கத்து இருக்கையில் வைத்தேன். மருத்துவமனை போய்ச் சேரும்வரை தங்கை வண்டியை ஓட்டினாள். அவர் அங்கே வரவேற்பில் இருந்தவரிடம் தன் காரின் சமயோசிதத்தைப் பற்றிச் சொல்லிக்கொண்டிருந்தார்.

நீங்கள் சிரிக்கிறீர்கள். நான் அப்படிக் கிடையாது, என் கால் எப்போதும் அதன் இடத்தில்தான் இருக்கும் என்கிறீர்கள். இருக்கலாம். ஆனால் சம்மணத்தார் எவரும் தான் சம்மணத்தார் என்று ஒப்புக்கொண்டு நான் கேட்டதில்லை. அதனால் உங்களையே கேட்டுக்கொள்ளாதீர்கள். கடைசியாக உங்கள் பக்கத்தில் உட்கார்ந்து வந்தவரைக் கேளுங்கள். அவர் உடனே பதில் சொல்லாமல் உங்கள் முகத்தை ஒரு தரம் பார்த்தால், சாவியை அவரிடம் கொடுத்துவிடுங்கள்.