விலைக் கட்டத்தில் பூஜ்யம்

பெரிய ஆஸ்பத்திரியின் பதிவறையில் ஒரு நோயாளியின் பழைய ஃபைலைத் தேடி எடுக்க மூன்று மணி நேரம் ஆகும். அந்த அறையின் எழுத்தர் அம்மா ஆறு மாத விடுமுறை நாட்களைச் செலவழித்து ஒரு மென்பொருள் எழுதினார். பெயரைத் தட்டினால், எந்த அலமாரி, எந்தத் தட்டு என்று ஒரே நிமிடத்தில் சொல்லிவிடும்.

நிர்வாக அதிகாரியிடம் கொண்டுபோனார்.

"விலை என்னம்மா?"

"சும்மாவே தர்றேன் சார். எழுதின விதமும் உள்ளேயே இருக்கு. மத்த ஆஸ்பத்திரிக்காரங்களும் எடுத்துக்கட்டும்."

அதிகாரிக்கு வியர்த்துவிட்டது. "விலைக் கட்டத்துல என்ன போடுறது?"

"பூஜ்யம் போடுங்க."

"கட்டம் காலின்னு தணிக்கையில திருப்பிடுவாங்க. அதோட, மூணு பேர்கிட்ட விலை கேட்டு, குறைஞ்சதைத்தான் எடுக்கணும். உங்களைவிடக் குறைச்சலா யாரும்மா தருவா? போட்டியே இல்லாம போயிடுமே!"

ஆகவே, பொதுநலன் கருதி, டெண்டர் விடப்பட்டது. மாதிரிக்காக அந்த அம்மாவின் மென்பொருளே இணைக்கப்பட்டது. ஒரு கம்பெனி அதன் பச்சை நிறத்தை நீலமாக்கி, ஒரு பூட்டும் போட்டு, நல்ல விலைக்கு விற்றது. மாலை மரியாதையுடன் தொடக்க விழா நடந்தது.

திரையைப் பார்த்ததும் அம்மா அதிகாரியிடம் ஓடினார். "சார், இது நான் எழுதினது! 'அலமாறி'ன்னு நான் விட்ட பிழைகூட அப்படியே இருக்கு!"

அதிகாரியின் முகம் இறுகியது. "அப்படியா? அவங்க பொருள் டெண்டருக்கு முன்னாடியே உங்ககிட்ட எப்படி வந்துச்சு?"

மறுநாள் விளக்கம் கேட்டு ஓலை வந்தது. அவரிடம் உள்ள திருட்டுப் பிரதியை அழித்துவிடும்படியும் அதில் அன்புடன் கேட்டுக்கொள்ளப்பட்டிருந்தது.

ஒரு வருடம் கழித்து உரிமம் காலாவதியானது. நீலத்திரை பூட்டிக்கொண்டது. பதிவறை வாசலில் பழையபடி வரிசை.

அன்று முதல் ஆளாக நின்றவர் ஒரு டிரைவர். மகளுக்கு மறுநாள் அறுவை சிகிச்சை. பழைய ஃபைல் வேண்டும். அம்மாவுக்கு மனசு கேட்கவில்லை. வேலை போனாலும் போகட்டும் என்று, அழிக்காமல் வைத்திருந்த பச்சைத்திரையைத் திறந்தார். ஒரே நிமிடத்தில் ஃபைல் வந்தது.

டிரைவர் அதைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். "எவ்வளவும்மா ஆச்சு?"

"ஒண்ணும் வேண்டாங்க. இது நானே எழுதினது. எல்லாருக்கும் சும்மாதான்."

"கம்பெனிது இல்லையா?" ஃபைலை மெதுவாக மேசையில் வைத்தார். "தப்பா நினைக்காதீங்கம்மா, பொண்ணு விஷயம். நான் மறுபடி வரிசையில நின்னு, கையால தேடி எடுத்ததையே வாங்கிக்கிறேன்."

அவருக்கு அடுத்து நின்றது நான்தான். பேச்சில் நியாயம் இருப்பதாகத் தோன்றியது. அவர் பின்னாலேயே போய் வரிசையின் கடைசியில் நின்றுகொண்டேன்.