ஓட்டைகள் 41

கொஞ்சம் கிட்ட வந்து உட்காருங்கள், கண்ணுகளா. தன் பெயரை அச்சில் பார்க்க ஆசைப்பட்ட ஒரு பைண்டரின் கதை இது. சிரிப்பு வந்தால் அடக்க வேண்டாம். அவர் காதில் விழாது.

பைண்டர் ஒரு புத்தகத்தின் கடைசி ஓட்டையை அடைத்துவிட்டுப் பசைக் கையைத் துடைக்கும்போதுதான் மச்சினன் வந்து நின்றான். கண்காட்சிகளுக்கு நாற்காலி போடப் போய்ப் போய்க் கலை கற்றுக்கொண்டவன்.

அந்தப் புத்தகம் நாம் படிக்கிற மாதிரிப் புத்தகம் இல்லை. ஓர் ஓவியர் அம்மா ஒரே ஒரு பிரதியாகக் கையால் செய்தது. எழுத்தே கிடையாது. இழுத்தால் விசிறி மாதிரி ஆறடிக்கு விரியும். மடிப்புக்கு மடிப்பு நீலக் கடல், அதில் மெல்லிய தாளில் வெட்டி ஒட்டிய மீன்கள். அன்று சாயங்காலம் கண்காட்சி. 'கையேட்டில் உங்கள் பெயரும் வரும்' என்று அந்த அம்மா பைண்டரிடம் சொல்லியிருந்தார். முப்பது வருடமாக அடுத்தவர் பெயருக்கெல்லாம் அட்டை போட்டவர் அவர். சொந்தக் கல்யாணப் பத்திரிகையில்கூட அவர் பெயர் எழுத்துப் பிழையோடுதான் வந்தது.

மச்சினன் புத்தகத்தோடு வந்த துண்டுச் சீட்டை எடுத்துப் பார்த்தான். 'ஓட்டைகள் 41' என்று மட்டும் எழுதியிருந்தது.

"மாமா, இது வேலை சொன்ன சீட்டு இல்ல. புத்தகத்தோட பேரு. நாப்பத்தொண்ணு கண்காட்சி நம்பர். ஓட்டைதான் கலையே. நீங்க கலையை அடைச்சு வெச்சிருக்கீங்க."

பைண்டர் புத்தகத்தை விரித்து அடைத்த இடங்களைத் தேடினார். ஒட்டுப் போட்டது தெரியாமல் அடைப்பதில் மனிதர் கெட்டிக்காரர். எந்த ஓட்டை எங்கே இருந்தது என்று இப்போது அவருக்கே தெரியவில்லை.

மறுபடி ஓட்டை போட ஊசியால் குத்தினார். சல்லடை மாதிரி இருக்கிறது என்றான் மச்சினன். பஞ்ச் மெஷினால் அடித்தார். பஸ் டிக்கெட் மாதிரி இருக்கிறது என்றாள் சத்தம் கேட்டு வந்த பைண்டரின் மனைவி. கடைசியில் மூன்று பேரும் உட்கார்ந்து ஓட்டைகளின் ஓரங்களை நகத்தால் சுரண்டினார்கள். பூச்சி அரித்தது போலவே தத்ரூபமாக வந்தது. மனைவி எண்ணிப் பார்த்தாள்.

"ஏங்க, நாப்பத்தி மூணு இருக்கு."

"ரெண்டை அடை."

அடைத்ததில் பசை வழிந்து, ஒரு மீனின் வால் எதிர்த் தாளில் ஒட்டிக்கொண்டது. பிரித்தால் தலை இங்கே, வால் அங்கே. மச்சினன் கண்ணை மூடி யோசித்து, இது பிரிவுத் துயரம், இப்படியே இருக்கட்டும் என்றான்.

"உன் வாலை ஒட்ட நறுக்கி அங்க ஒட்டிடுவேன், மாப்ளே" என்றார் பைண்டர்.

வாசலில் கார் வந்து நின்றது. ஓவியர் அம்மாவின் டிரைவர் மட்டும் இறங்கி வந்தார். பைண்டர் புத்தகத்தைத் துணியில் சுற்றி, பச்சைக் குழந்தையைப் போல இரண்டு கையாலும் நீட்டினார்.

"ஓட்டையெல்லாம் அப்படியே இருக்குன்னு அம்மாகிட்ட சொல்லுங்க" என்றான் மச்சினன், பெருமையாக.

டிரைவர் துணியை விலக்கிப் பார்த்தார். பைண்டரைப் பார்த்தார்.

"பூச்சி அரிச்சதை எண்ணித்தானே சார் அம்மா நாப்பத்தொண்ணுன்னு எழுதிக் கொடுத்தாங்க? 'ஓட்டை தெரியாமல் அடைத்தவர்'னு போட்டு உங்க பேரை அச்சடிச்சாச்சே."

உங்கள் வீட்டுப் புத்தகங்களைப் பூச்சி அண்டாமல் இருக்கட்டும், கண்ணுகளா. அப்படியே அண்டினாலும், கலை தெரிந்த மச்சினன் அண்டாமல் இருக்கட்டும்.