இணைப்பில் விரிசல் இல்லை

அந்த ஆராய்ச்சி நிலையத்தில் அவரை எல்லோரும் 'ஒட்டு சார்' என்றுதான் கூப்பிடுவார்கள். ஒட்டவே ஒட்டாத இரண்டு உலோகங்களை ஒட்டுவது அவர் வேலை. சூரியனைப் போல் எரியப்போகும் இணைவு உலைக்கு உள்சுவர் வேண்டும். அனலைப் பார்க்கும் பக்கம் டங்ஸ்டன். அந்த அனலை வாங்கித் தண்ணீருக்குக் கொடுக்கும் பக்கம் செம்பு. சூடு ஏறினால் செம்பு தாராளமாக விரியும். டங்ஸ்டனோ பிடிவாதக்காரன், லேசில் அசையமாட்டான். நடுவில் விரிசல் விழும்.

ஆறு வருஷத்தில் இருநூற்றுப் பன்னிரண்டு துண்டுகள் அவரைக் கைவிட்டன. அடுத்ததில், இரண்டுக்கும் நடுவே மெத்தை மாதிரி மெல்லிய தகடு ஒன்றை வைத்து, காற்றில்லாத சூளையில் சுட்டார். ஆயிரம் தடவை காய்ச்சினார், ஆயிரம் தடவை ஆற்றினார். துண்டு அப்படியே இருந்தது. வீட்டுக்குப் போன் செய்தார்.

"என்னங்க, மறுபடி உடைஞ்சுடுச்சா?" என்றாள் மனைவி.

"இல்லம்மா... உடையல." சொல்லிவிட்டு அழுதார்.

மறுநாள் துண்டைக் கைக்குட்டையில் சுற்றிக்கொண்டு தரச்சான்று அதிகாரியிடம் போனார். நிலையத்தில் அது 'ஒருங்கிணைப்பு ஆண்டு'. கைகோத்த இரண்டு கைகள் போட்ட வில்லை அதிகாரியின் சட்டையில் மின்னியது.

"உலோகத்தோட பேரு?"

"டங்ஸ்டனும் செம்பும், சார்."

"படிவத்துல பேருக்குக் கட்டம் ஒண்ணுதானே இருக்கு?"

"ரெண்டும் சேர்ந்ததுதான் சார் விஷயமே."

"சேர்ந்ததை நான் குறை சொல்லலையே! செம்புன்னா சோதனை முதல் மாடில. டங்ஸ்டன்னா மூணாவது மாடி. ரெண்டும்னா ரெண்டாவது மாடிக்கா அனுப்ப முடியும்? அங்க கேன்டீன் இருக்கு."

"அப்ப என்னதான் சார் பண்றது?"

"ரெண்டா அறுத்துக் கொண்டுவாங்க. ஒரே நாள்ல முடிச்சுத் தரேன்."

ஒட்டு சார் மேலிடத்துக்கு எழுதினார். மேலிடம் குழு அமைத்தது. ஐந்து மாதம் ஆழ்ந்து ஆராய்ந்த குழு, 'மேற்படி பொருளை, அதன் ஒருமைப்பாட்டுக்குப் பங்கம் நேராவண்ணம், இரண்டாக அறுக்கலாம்' என்று பரிந்துரைத்தது.

அந்த மாதத்துக்குள் சான்று வராவிட்டால் அவருடைய ஆய்வுக்கூடத்தையே மூடிவிடுவார்கள். தன் கையாலேயே அறுத்தார். ஒட்டின இடம் லேசில் விட்டுக்கொடுக்கவில்லை. மூன்று பிளேடு மழுங்கியது. அதில் அவருக்கு ஓர் அற்பப் பெருமை.

சொன்னபடி ஒரே நாளில் சான்று வந்தது. டங்ஸ்டன்: மிக நன்று. செம்பு: மிக நன்று. கடைசி வரி: 'இணைப்பில் விரிசல் ஏதும் காணப்படவில்லை.'

ஆண்டு விழாவில் இயக்குநர் அந்தக் கடைசி வரியை மட்டும் இரண்டு தடவை வாசித்துவிட்டுக் கேடயத்தை நீட்டினார். அரங்கம் எழுந்து நின்று கைதட்டியது. உண்மையைச் சொல்லிவிட ஒட்டு சார் வாயைத் திறந்தார். முன்வரிசையில் மனைவி கண்ணைத் துடைத்துக்கொண்டிருந்தாள்.

"ரொம்ப நன்றி," என்றார்.

அடுத்த மாதம், தாங்களும் ஒட்டியதாகச் சான்று கேட்டு ஆய்வாளர்கள் பதினேழு பேர் வரிசையில் நின்றார்கள். எப்படியும் அறுக்கப்போவதை ஒட்டுவானேன் என்று, ஒருவரும் ஒட்டவே இல்லை. அத்தனை பேருக்கும் 'மிக நன்று'. ஒருவர் இணைப்பிலும் விரிசல் இல்லை.

பதினெட்டாவதாக, இரண்டு கையிலும் ஒவ்வொரு பொட்டலத்தோடு, ஒட்டு சார் நின்றார்.